பிரேக்கின் 2: எலக்ட்ரிக் பூகலூ – தெருநடனப் படங்களும் அவற்றின் இரண்டாம் பாகங்களும்

பிரேக்கின் 2: எலக்ட்ரிக் பூகலூ 1984 டிசம்பர் 21 அன்று வெளியான அமெரிக்க நடனத் திரைப்படம். அதே ஆண்டு மே மாதம் வெளிவந்து பெருவெற்றி பெற்ற 'பிரேக்கின்' படத்தின் இரண்டாம் பாகம். கேனன் ஃபிலிம்ஸ் நிறுவனம் தயாரித்தது. சாம் ஃபர்ஸ்டன்பெர்க் இயக்கினார். முதல் பாகம் ஈட்டிய வசூலில் பாதியைக்கூட இது எட்டவில்லை. பிற்காலத்தில் இதன் துணைத்தலைப்பு, தேவையற்ற இரண்டாம் பாகங்களைக் கேலி செய்யும் சொற்றொடராக ஆங்கிலத்தில் நிலைத்தது. ஆனால் திரையரங்கில் தோற்ற இப்படமும் இதனை ஒத்த பிற படங்களும் வீடியோ கேசட்டுகள் வழியாக உலகின் பல நாடுகளில் தெருநடனத்தைக் கொண்டுசேர்த்தன. தெருவில் பிறந்த ஒரு கலையைத் திரைப்படத் தொழில் எவ்வாறு எடுத்தாண்டது, அதனால் அக்கலைக்கு நேர்ந்த இழப்பும் ஆதாயமும் என்ன என்பதை அறிய இப்படத்தின் வரலாறு உதவுகிறது.

பின்புலம்: நான்கு நடனங்கள், ஒரு பெயர்

தமிழில் 'பிரேக் டான்ஸ்' என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் ஒரே நடனம் அல்ல. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில், ஒருவரையொருவர் அறியாத இளைஞர்கள் உருவாக்கிய பல நடனங்களின் கூட்டுப்பெயர் அது.

தரையில் கைகளை ஊன்றிச் சுழல்வது, முதுகிலும் தலையிலும் சுற்றுவது, சட்டென்று அசைவற்று உறைந்து நிற்பது ஆகியவை கொண்ட நடனமே பிரேக்கிங். இது நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 1970களில் தோன்றியது. கூல் ஹெர்க் என்ற இசைத்தட்டுக் கலைஞர் 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் நடத்திய விருந்து, ஹிப்-ஹாப் பண்பாட்டின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பாடல்களில் குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை 'பிரேக்' என்பார்கள். ஹெர்க் அப்பகுதிகளை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார். அந்தப் பகுதிக்கு ஆடியவர்கள் பி-பாய்கள், பி-கேர்ள்கள் என்று அழைக்கப்பட்டனர்.

அமெரிக்காவின் மறுகரையான கலிஃபோர்னியாவில் வேறு நடனங்கள் வளர்ந்தன. 1970 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் டான் கேம்பெல் என்பவர் லாக்கிங் என்ற நடனத்தை உருவாக்கினார். வேகமான அசைவின் நடுவே மூட்டுகளைப் பூட்டியதுபோல நிறுத்தி, மீண்டும் அவிழ்ப்பது இதன் அடிப்படை. அவரது 'தி லாக்கர்ஸ்' குழு தொலைக்காட்சி வழியாகப் புகழ்பெற்றது. ஃப்ரெஸ்னோ நகரில் பூகலூ சாம் என்று அறியப்பட்ட சாம் சாலமன் 1977ல் தொடங்கிய குழுவின் பெயர் எலக்ட்ரிக் பூகலூஸ். தசைகளைத் தாளத்திற்கேற்பத் துடிக்கவிடும் பாப்பிங், உடலை எலும்பில்லாததுபோல வளைத்து உருட்டும் பூகலூ ஆகிய பாணிகளை இக்குழு பரப்பியது.

ஆக, 'எலக்ட்ரிக் பூகலூ' என்பது பொருளற்ற வேடிக்கைச் சொல் அல்ல. உண்மையான கலைஞர்களின் குழுவிற்கும் அவர்கள் உருவாக்கிய பாணிக்கும் உரிய பெயர். 'பிரேக்கின்' படங்களில் முதன்மையாக இடம்பெற்றவை கலிஃபோர்னியாவின் லாக்கிங், பாப்பிங் நடனங்கள்தாம். ஆனால் பத்திரிகைகளும் திரைப்பட நிறுவனங்களும் எல்லாவற்றையும் 'பிரேக் டான்ஸ்' என்ற ஒரே பெயருக்குள் அடக்கின. அந்தப் பெயரே தமிழ் உட்படப் பல மொழிகளுக்கும் சென்றது.

முதல் பாகம்

1983ல் வெளியான 'ஃப்ளாஷ்டான்ஸ்' படத்தில் ராக் ஸ்டெடி குழுவினர் தெருவில் ஆடும் சிறு காட்சி ஒன்று உண்டு. அக்காட்சி அமெரிக்கா முழுவதும் பிரேக்கிங் மீது ஆர்வத்தை எழுப்பியது. அதே காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸின் மெக்ஆர்தர் பூங்கா அருகில் இருந்த ரேடியோட்ரான் மையத்தின் இளைஞர்களைப் பற்றி 'பிரேக்கின் அண்ட் என்டரின்' என்ற ஆவணப்படம் எடுக்கப்பட்டது. நடனக் கலைஞர்கள் பலர் அதில் இடம்பெற்றனர்.

கேனன் நிறுவனத்தை நடத்தியவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த மெனாஹெம் கோலன், யோரம் குளோபஸ் என்னும் உறவினர்கள். குறைந்த செலவில், மிக விரைவாகப் படமெடுத்து விற்பது அவர்களின் வழி. பிரேக் டான்ஸ் படம் எடுக்கும் போட்டியில் ஹாரி பெலஃபான்டே தயாரித்த 'பீட் ஸ்ட்ரீட்' படத்தை முந்த அவர்கள் விரும்பினார்கள். முந்தவும் செய்தார்கள். ஜோயல் சில்பெர்க் இயக்கிய 'பிரேக்கின்' 1984 மே 4 அன்று வெளியானது. 'பீட் ஸ்ட்ரீட்' ஜூன் மாதம்தான் வந்தது.

கதை எளியது. முறையாக ஜாஸ் நடனம் கற்கும் கெல்லி (லூசிண்டா டிக்கி), கடற்கரையில் ஆடும் ஓசோன், டர்போ என்ற இருவரைச் சந்திக்கிறாள். அவர்களுடன் சேர்ந்து ஆடக் கற்கிறாள். இறுதியில் மூவரும் நடனத் தேர்வுக் குழுவின் முன் கோட்டு சூட்டு அணிந்து வந்து, மேலாடையின் கைகளைக் கிழித்தெறிந்துவிட்டுத் தெருநடனம் ஆடுகிறார்கள். ஓசோனாக நடித்த அடால்ஃபோ கினோனெஸ் 'ஷாபா டூ' என்ற பெயரில் அறியப்பட்டவர், தி லாக்கர்ஸ் குழுவின் உறுப்பினர். டர்போவாக நடித்த மைக்கேல் சேம்பர்ஸ் 'பூகலூ ஷ்ரிம்ப்' என்று அழைக்கப்பட்ட இளைஞர். ராப் பாடகர் ஐஸ்-டி ஒரு பாத்திரத்தில் தோன்றினார்.

கடை வாசலைப் பெருக்க அனுப்பப்பட்ட டர்போ, ஜெர்மானியக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் இசைக்குத் துடைப்பத்தையே துணையாகக்கொண்டு ஆடும் காட்சி இப்படத்தின் உச்சம் எனப்படுகிறது. காமிரா பெரும்பாலும் விலகி நின்று, முழு உடலையும் ஆட்டத்தையும் காட்டுகிறது.

சுமார் 12 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட இப்படம் அமெரிக்காவில் 3 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. கேனன் நிறுவனத்தின் வரலாற்றில் இது பெரிய வெற்றிகளுள் ஒன்று.

இரண்டாம் பாகத்தின் உருவாக்கம்

வெற்றி கிடைத்தவுடன் கேனன் இரண்டாம் பாகத்தைத் தொடங்கியது. பிரேக் டான்ஸ் மோகம் எத்தனை நாள் நீடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவசரம். முதல் பாகம் வெளியாகி எட்டு மாதம் முடிவதற்குள் இரண்டாம் பாகம் திரையரங்கிற்கு வந்தது. எழுத, ஒத்திகை பார்க்க, படமாக்க, தொகுக்க என அனைத்திற்கும் கிடைத்தது அவ்வளவு காலமே.

இயக்குநர் சாம் ஃபர்ஸ்டன்பெர்க் அதுவரை கேனனுக்காக நிஞ்ஜா சண்டைப் படங்களை எடுத்தவர். லூசிண்டா டிக்கி அவரது 'நிஞ்ஜா 3: தி டாமினேஷன்' படத்தின் நாயகி. சண்டைக் காட்சிகளை எடுத்துப் பழகியவருக்கு உடலசைவைப் படமாக்கத் தெரிந்திருந்தது. ஆனால் முதல் படத்தின் தெருத்தன்மையைத் தொடர்வதைவிட, பழைய ஹாலிவுட் இசைப்படங்களின் கனவுத்தன்மையையே அவர் நாடினார்.

இரண்டாம் பாகத்தில் ஓசோனும் டர்போவும் 'மிராக்கிள்ஸ்' என்ற சமூக மையத்தில் ஏழைச் சிறுவர்களுக்கு நடனம் கற்பிக்கிறார்கள். வணிக வளாகம் கட்டுவதற்காக அந்தக் கட்டடத்தை இடிக்க ஒரு நிறுவனம் முயல்கிறது. மையத்தைக் காக்க 2 லட்சம் டாலர் வேண்டும். கெல்லி தனக்கு வந்த பாரிஸ் வாய்ப்பைக் கைவிட்டு நண்பர்களுடன் சேர்கிறாள். நடன நிகழ்ச்சி நடத்தி மையத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

பொது இடத்தைக் காக்க இளைஞர்கள் கலைநிகழ்ச்சி நடத்தும் இக்கதை 1930களின் இறுதியிலும் 1940களிலும் மிக்கி ரூனி, ஜூடி கார்லண்ட் நடித்த இசைப்படங்களின் அமைப்பைக் கொண்டது. டர்போ அறையின் சுவரிலும் கூரையிலும் ஏறி ஆடும் காட்சி, 1951ல் வெளிவந்த 'ராயல் வெட்டிங்' படத்தில் ஃப்ரெட் அஸ்டயர் ஆடிய புகழ்பெற்ற நடனத்தைப் பின்பற்றியது. அறையை முழுதாகச் சுழலும் அமைப்பாகக் கட்டி, அதனுடனேயே காமிராவையும் பொருத்திவிட்டால், தரையில் ஆடுபவர் கூரையில் ஆடுவதாகத் தோன்றும். கணினி வரைகலை இல்லாத காலத்தின் உத்தி இது.

ஏமாற்றத்தின் காரணங்கள்

இரண்டாம் பாகம் அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 50 லட்சம் டாலர் வசூலித்தது. இது முழுத் தோல்வி அல்ல. ஆனால் முதல் பாகத்தைவிட அதிகப் பணம் செலவிட்டுப் பாதிக்கும் குறைவாக ஈட்டியது என்பதால் ஏமாற்றமாகவே கருதப்பட்டது. அதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, காலம். 1984 கோடையில் பிரேக் டான்ஸ் உச்சத்தில் இருந்தது. ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவில் லயனல் ரிச்சி பாட, பெருங்குழு ஒன்று பிரேக் டான்ஸ் ஆடியது. விளம்பரங்கள், தொலைக்காட்சித் தொடர்கள், பயிற்சி நூல்கள் என எங்கும் அதே நடனம். எல்லா இடத்திலும் இருக்கும் ஒன்று விரைவில் சலிக்கும். டிசம்பரில் படம் வந்தபோது அலை இறங்கத் தொடங்கியிருந்தது. எடி மர்ஃபியின் 'பெவர்லி ஹில்ஸ் காப்' அப்போது திரையரங்குகளை நிறைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது, கதையின் திசைமாற்றம். முதல் பாகத்தில் நடனத்திற்கு ஒரு கேள்வி இருந்தது: தெருவில் கற்ற கலை, பள்ளியில் கற்ற கலைக்கு நிகராகுமா? தேர்வுக் குழுவின் முன் கைகளைக் கிழித்தெறியும் காட்சி அதற்கான பதில். இரண்டாம் பாகத்தில் அக்கேள்வி இல்லை. எல்லோரும் எப்போதும் ஆடுகிறார்கள். தபால்காரர் ஆடுகிறார். மருத்துவமனையில் நோயாளிகளும் செவிலியர்களும் ஆடுகிறார்கள். அனைவரும் ஆடும் உலகில் நடனம் எதையும் வெல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, பார்வையாளர் மாற்றம். பளிச்சிடும் வண்ண உடைகள், குறும்புச் சிறுவர்கள், தீங்கற்ற வில்லன்கள் என்று படம் குழந்தைகளை நோக்கி நகர்ந்தது. முதல் படத்தை விரும்பிய பதின்பருவத்தினர் இதனைச் சிறுபிள்ளைத்தனமாகக் கண்டார்கள்.

ஆயினும் எல்லா விமர்சகர்களும் படத்தைத் தள்ளிவிடவில்லை. ரோஜர் ஈபர்ட் இரண்டாம் பாகத்தை முதல் பாகத்தைவிட உயர்வாக மதிப்பிட்டார். அதன் கள்ளமற்ற உற்சாகத்தைப் பிற்காலப் பார்வையாளர்கள் பலரும் ரசித்தனர். மேலும், வணிக வளாகத்திற்காக ஏழைகளின் பொது இடம் இடிக்கப்படுவது கற்பனைச் சிக்கல் அல்ல. இந்நடனங்களை உருவாக்கிய இளைஞர்களுக்கு ஆடுவதற்கு இடம் கிடைப்பதே அன்றாடப் போராட்டமாக இருந்தது. படம் அச்சிக்கலைச் சரியாக அடையாளம் கண்டது, ஆனால் மிக எளிதாகத் தீர்த்துவிட்டது.

வீடியோ கேசட்டில் மறுவாழ்வு

1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டில் வீடியோ பதிவு செய்துகொள்வது சட்டவிரோதம் அல்ல என்று சோனி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த சில ஆண்டுகளில் வீடியோ கருவிகளும் கேசட் வாடகைக் கடைகளும் வேகமாகப் பெருகின. கேனன் போன்ற நிறுவனங்களுக்கு வீடியோ உரிமை முக்கிய வருவாயாயிற்று.

திரையரங்கில் ஒரு காட்சி ஓடி மறைந்துவிடும். கேசட்டை நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், அதே அசைவை நூறுமுறை பார்க்கலாம். ஆசிரியர் இல்லாத ஊர்களில் கேசட்டே ஆசிரியர் ஆனது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் முதல் தலைமுறை பி-பாய்கள் பலர் 'வைல்ட் ஸ்டைல்', 'ஃப்ளாஷ்டான்ஸ்', 'பீட் ஸ்ட்ரீட்', 'பிரேக்கின்' ஆகிய படங்களைப் பார்த்தே ஆடத் தொடங்கினார்கள். கிழக்கு ஜெர்மனியில் 1985ல் 'பீட் ஸ்ட்ரீட்' திரையிடப்பட்டது. அமெரிக்க ஏழ்மையை அம்பலப்படுத்தும் படமாக அரசு அதைக் கருதியது. இளைஞர்களோ அதிலிருந்து நடனத்தைக் கற்றுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.

அவர்களுக்குக் கதை பொருட்டல்ல. இரண்டாம் பாகத்தின் கதை பலவீனமானது என்று அமெரிக்க விமர்சகர் எழுதியது அவர்களைச் சேரவும் இல்லை. கூரையில் ஆடிய டர்போவின் கால்கள் அவர்களுக்குத் தெரிந்தன, அது போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில் மோகம் தணிந்தபோது, இந்நடனத்தை உயிர்ப்புடன் வைத்திருந்தவர்களில் ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் நாட்டு இளைஞர்கள் முக்கியமானவர்கள். 'பேட்டில் ஆஃப் தி இயர்' என்ற சர்வதேசப் போட்டி 1990ல் ஜெர்மனியின் ஹனோவரில்தான் தொடங்கியது.

நேரடி டிவிடி இரண்டாம் பாகங்கள்

2000களில் தெருநடனப் படங்கள் மீண்டும் வந்தன. 'சேவ் தி லாஸ்ட் டான்ஸ்' (2001), 'ஹனி' (2003), 'யூ காட் சர்வ்ட்' (2004), 'ஸ்டாம்ப் தி யார்ட்' (2007) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவற்றுக்கும் இரண்டாம் பாகங்கள் எடுக்கப்பட்டன. ஆனால் பெரும்பாலானவை திரையரங்கிற்குச் செல்லாமல் நேராக டிவிடியில் வெளியாயின.

2006ல் வந்த 'சேவ் தி லாஸ்ட் டான்ஸ் 2' படத்தில் முதல் பாக நாயகி ஜூலியா ஸ்டைல்ஸ் இல்லை. அவரது பாத்திரத்தில் இசபெல்லா மிகோ நடித்தார். 2010ல் வந்த 'ஸ்டாம்ப் தி யார்ட் 2: ஹோம்கமிங்' படத்தில் முதல் பாக நாயகன் கொலம்பஸ் ஷார்ட் சிறிய வேடத்தில் தலைகாட்டினார். 2011ல் வந்த 'யூ காட் சர்வ்ட்: பீட் தி வேர்ல்ட்' படத்துக்கும் முதல் படத்துக்கும் கதையிலோ பாத்திரங்களிலோ தொடர்பில்லை. பெயர் மட்டுமே பொது. 'ஹனி 2' (2011) சில நாடுகளில் திரையரங்குகளில் வெளியானபோதும் அமெரிக்காவில் வீடியோ வெளியீடாகவே அறியப்பட்டது.

இதன் பின்னிருந்த கணக்கு எளிதானது. வாடகைக் கடையிலோ அங்காடியிலோ வரிசையாக அடுக்கிய டிவிடிகளில் வாங்குபவரின் கண் நிற்க வேண்டும். தெரிந்த பெயர் அதைச் செய்யும். விளம்பரச் செலவு இல்லை, நட்சத்திர ஊதியம் இல்லை. படம் எப்படி இருக்கிறது என்று தெரிவதற்குள் விற்பனை முடிந்துவிடும்.

இப்படங்கள் பலவற்றில் ஆடியவர்கள் திறமையானவர்கள். நடிகருக்குப் பதிலாக நடனக் கலைஞரையே முன்னிறுத்தியதால் ஆட்டத்தின் தரம் சில இடங்களில் முதல் பாகத்தைவிட மேலானது. ஏமாற்றம் பெரும்பாலும் படமாக்கலிலிருந்து வந்தது. நொடிக்கொரு வெட்டு, முகத்திற்கும் காலுக்கும் தாவும் அண்மைக் காட்சிகள் ஆகியவை அசைவின் தொடர்ச்சியை உடைத்தன. ஆடுபவரின் முழு உடலும் திரையில் தெரிய வேண்டும் என்று ஃப்ரெட் அஸ்டயர் தன் காலத்தில் வலியுறுத்தினார். சுழற்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால், கேசட்டைப் பின்னால் ஓட்டிக் கற்க ஒன்றுமில்லை.

இரண்டாம் பாகம் எப்போதும் தோற்றே தீரும் என்பதும் இல்லை. 2008ல் ஜான் எம். சூ இயக்கிய 'ஸ்டெப் அப் 2: தி ஸ்ட்ரீட்ஸ்' திரையரங்குகளில் உலக அளவில் பெருவெற்றி பெற்றது. மழையில் ஆடும் அதன் இறுதிக் காட்சி இன்றும் பேசப்படுகிறது.

பெயரின் வாழ்வும் கலைஞர்களின் இடமும்

'எலக்ட்ரிக் பூகலூ' என்ற துணைத்தலைப்பு இணையக் காலத்தில் தனி வாழ்வு பெற்றது. எந்த நிகழ்வு இரண்டாம் முறை நடந்தாலும் அதன் பின்னால் '2: எலக்ட்ரிக் பூகலூ' என்று சேர்ப்பது வேடிக்கை வழக்கமாயிற்று. கேனன் நிறுவனத்தைப் பற்றி மார்க் ஹார்ட்லி 2014ல் எடுத்த ஆவணப்படத்துக்கும் இப்பெயரே சூட்டப்பட்டது. பின்னர் அமெரிக்காவில் இரண்டாம் உள்நாட்டுப் போரை எதிர்பார்த்த ஆயுதமேந்திய தீவிரவாதிகள், இந்த வேடிக்கையிலிருந்து 'பூகலூ' என்ற சொல்லை எடுத்துத் தம் இயக்கத்தின் பெயராக்கிக்கொண்டனர். 2020ல் செய்திகளில் அச்சொல் அப்பொருளிலேயே பரவியது. ஃப்ரெஸ்னோவின் கறுப்பின இளைஞர்கள் தம் நடனத்துக்கு இட்ட பெயர், அவர்களுக்குத் தொடர்பே இல்லாத வன்முறையின் அடையாளமாயிற்று.

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் பதிவு செய்யப்பட்ட நடன அமைப்புகளைக் காக்கிறது. ஆனால் தனித்தனி அசைவுகளுக்கும் சமூக நடனங்களுக்கும் உரிமை கோர முடியாது. அதனால் லாக்கிங், பாப்பிங் ஆகியவற்றை உருவாக்கியவர்களுக்கு அவ்வசைவுகள் விற்கப்பட்டபோது பங்கு ஏதும் கிடைக்கவில்லை. திரையில் தோன்றிய சிலருக்கு மட்டும் பெயர் கிடைத்தது. அவர்களிலும் பெரும்பாலோர் அலை ஓய்ந்தபின் நாயக வேடங்களில் தொடரவில்லை. கினோனெஸ் 1987ல் மடோனாவின் உலகச் சுற்றுப்பயணத்திற்கு நடனம் அமைத்தார். சேம்பர்ஸ் 'ஃபேமிலி மேட்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் இயந்திர மனிதனாக நடித்தார். டான் கேம்பெல், கினோனெஸ் இருவரும் 2020ல் காலமானார்கள்.

மதிப்பீடு

திரைப்படமாக 'பிரேக்கின் 2' அவசரத்தில் எடுக்கப்பட்ட, மெல்லிய கதை கொண்ட படம். மோகம் முடிவதற்குள் பணம் ஈட்ட வேண்டும் என்ற கணக்கு அதன் எல்லாக் குறைகளுக்கும் அடிப்படை. பின்வந்த டிவிடி இரண்டாம் பாகங்கள் அதே கணக்கை இன்னும் குறைந்த செலவில் செய்தன.

ஆவணமாக அதன் மதிப்பு வேறு. கினோனெஸ், சேம்பர்ஸ் போன்ற முதல் தலைமுறைக் கலைஞர்கள் தம் இளமையின் உச்சத்தில் ஆடியதை அது முழு உடலோடு பதிவு செய்திருக்கிறது. தெருவிலும் மன்றங்களிலும் ஆடப்பட்டு மறைந்துபோன ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்கு அத்தகைய பதிவு இல்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் முதன்முறையாகப் போட்டியாக இடம்பெற்றது. பெண்கள் பிரிவில் ஜப்பானின் அமி, ஆண்கள் பிரிவில் கனடாவின் ஃபில் விசார்ட் தங்கம் வென்றனர். நடனம் பிறந்த அமெரிக்காவிற்குத் தங்கம் கிடைக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிற நாடுகளுக்குச் சென்ற கேசட்டுகளை நினைத்தால் அதில் வியப்பில்லை.